கங்காதரனின் ஒரு மணி நேர விதி

"டீ ஒண்ணு" என்று சொன்ன கையோடு கங்காதரன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கிளாஸ் கைக்கு வந்ததும் மறுபடி பார்க்கிறார். "ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு. நேத்து ஒண்ணு அம்பது. இன்னா மாஸ்டர், பால் காயலியா, கிளாஸ் கழுவ ஆளு வர்லியா?" திருப்போரூர் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. "குடிச்சிட்டுக் கெளம்பு நைனா" என்பதோடு சரி.

முப்பத்தைந்து வயது. சொந்த ஊர் கடப்பாக்கம். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறார். நான் அங்கே ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துகிறவன், பக்கத்து நாற்காலி. மாமல்லபுரம் விடுதிகளில் அறை பதிவு செய்ய எங்கள் நிறுவனம் ஓர் இணையதளம் நடத்துகிறது. பக்கம் தாமதமாகத் திறந்தால் எந்த இடத்தில் சுணங்குகிறது என்று குறித்துவைக்க ஒரு மென்பொருள் உண்டு. அது எதைக் குறிக்க வேண்டும், எதை விடவேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்லிவைப்பதுதான் இவர் வேலை. உப்புச்சப்பில்லாத வேலை என்று ஒருமுறை வாயைவிட்டு மாட்டிக்கொண்டேன்.

"வலை மாரிதான் அண்ணாத்த. கண்ணு பெருசா இருந்தா மீனு பூடும். பொடிசா வெச்சா பாசி, குப்பை அல்லாம் ஏறிக்கும், இழுக்கவே முடியாது. அல்லாத்தையும் எழுதச் சொன்னா, எழுதறதே சைட்டுக்குப் பாரமாப் பூடும்."

அவசரத்துக்கு ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பதியவிடலாம், உடனே குறைத்துவிட வேண்டும் என்பது அவர் விதி. மறந்தவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மார்ச்சில் தளம் மூன்று வாரமாக ஆமையாய் நகர்ந்தது. பிரௌசிங் சென்டரில் காத்திருந்தவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். பதிவுப் பக்கத்தைப் புதிதாக எழுதிய ஹரிப்ரியா மேல் மேலாளர் ராகவன் பழியைப் போட்டார். கூடுவாஞ்சேரிப் பெண், சேர்ந்து ஐந்து மாதம். வெள்ளிக்கிழமைக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டு அனுப்புவதாக முடிவு. "என் புரோகிராம்ல தப்பு இருந்தா காட்டுங்க சார், நானே போயிடறேன்" என்று அவள் கங்காதரனிடம் வந்து நின்றாள். எனக்கே பாவமாக இருந்தது. அவரும் எல்லா இடத்திலும் தேடினார், தன் இடத்தைத் தவிர.

வெள்ளி காலை தன் மென்பொருளுக்குத் தான் சொல்லிவைத்ததையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றையும் பதியச் சொல்லும் கட்டளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாசிமகத்துக்கு முந்தின நாள் சோதனைக்காகப் போட்டது. தீர்த்தவாரிக்கு ஊர் போய்ச் சேர பஸ் பிடிக்கிற அவசரத்தில் குறைக்காமலே கிளம்பியிருக்கிறார். தளம் சுணங்கத் தொடங்கியதும் அன்றுதான். போட்டவர் பெயர் என்ற இடத்தில் கங்காதரன் என்றிருந்தது. அதை அழிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

"சத்தமில்லாமக் குறைச்சுட்டு விடுங்க" என்றேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அந்தப் பொண்ணு இன்னாத்துக்குப் போவணும்?"

கட்டளையைக் குறைத்தார். பக்கம் உடனே திறந்தது. பிறகு ராகவன் தட்டச்சு செய்து அனுப்பியிருந்த அறிக்கையை எடுத்தார். தாமதத்துக்குப் பொறுப்பு என்ற கட்டத்தில் ஹரிப்ரியாவின் பெயர் முன்கூட்டியே இருந்தது. பேனாவால் அதை அடித்துத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் அறைக்குப் போகிற வழியில் ஹரிப்ரியாவின் மேசையருகே நின்று, அந்தத் தாளை அவள் படிக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.