ஏணிக்குழியின் மூடி

இது கட்டுக்கதை இல்லை. கப்பலில் பேயா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான். ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். மதியச் சாப்பாடு முடிந்து, மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

அந்தச் சரக்குக் கப்பலில் நான் மூன்றாம் அதிகாரி. மருந்துப் பெட்டி, தீயணைப்புச் சாமான்கள், மூச்சுக் கருவி எல்லாம் என் பொறுப்பு. எவனுக்காவது கை கிழிந்தால் தையல் போடுவதும் நான்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கஷ்டப்பட்டுப் படித்த விதியை எவனுக்காகவும் வளைக்க மாட்டேன். அதனால் கப்பலில் எனக்கு ஒரு கேலி உண்டு. "மேடம் மீட்டர் வச்சுப் பாக்காம சோத்துப் பானையைக்கூடத் திறக்க மாட்டாங்க" என்பார் செராங்கு. டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர் அவர். அவருடைய மனைவியின் தம்பிக்கும் அதே கப்பலில் டெக் வேலை. செராங்கு கூப்பிட்டுக் கூப்பிட்டு, சமையல்காரர் முதல் கேப்டன் வரை எல்லோருக்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான்.

அந்தப் பயணத்தில் சரக்கு மரக்கட்டைகள். வெட்டின மரம் மூடிய இடத்தில் கிடந்தால் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றம் வராது. இருமல் வராது. இறங்குகிறவன் இரண்டு மூச்சு இழுப்பான். அவ்வளவுதான். அவனைத் தூக்க இன்னொருவன் பாய்வான். அவனும் அவ்வளவுதான்.

சரக்கு அறைக்குள் இறங்க இரண்டு ஏணிக்குழிகள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நாலு பக்கமும் இரும்புச் சுவர், ஓர் ஆள் நுழையும் அகலம், மேலே கனமான மூடி. அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று உடனே பார்த்துச் சொல்லச் சொன்னார் கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஆபீசர். துறைமுகம் நெருங்குகிறதாம். காற்றை அளந்து, 'இறங்கு' என்று நான் என் வாயால் சொன்ன பிறகுதான் ஆள் இறங்கும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முன் குழியின் மூடியை செராங்கும் நானும் திறந்து கொக்கியில் மாட்டினோம். துறைமுகத்தை விட்டதிலிருந்து திறக்காத மூடி. அவர் பாதுகாப்புக் கயிறு எடுக்கப் போனார். மணி ஒன்று நாற்பது. ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன்.

வெளிக்காற்றில் இருபத்தொரு சதவீதம் காட்டும் மீட்டர், இறங்க இறங்க... பதினைந்து... ஒன்பது... நாலு. கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

அப்போது கீழே யாரோ தட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஏணியின் முதல் தட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆட்கள் போடும் அதே ஆரஞ்சு உடுப்பு. தலை குனிந்திருந்தது. ஒரு கை மட்டும் ஏணிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. நிதானமாக. மூச்சுக்குத் தவிக்கிறவன் அப்படித் தட்ட மாட்டான். அவன் காதுக்குப் பக்கத்தில்தான் மீட்டர் அலறியது. அவன் அசையவில்லை.

செராங்கு திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். குழிக்குள் பார்த்தார்.

"மச்சான்..."

வாக்கி டாக்கியில் மச்சானைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறான் என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. வெறும் கரகரப்பு.

செராங்கு கயிற்றைப் போட்டுவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்க காத்து இல்ல. மூச்சுக் கருவி வரட்டும்."

"வர்றதுக்குள்ள செத்துருவான். அவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? விடும்மா."

விடவில்லை. மொத்த பலத்தோடு பின்னால் சாய்ந்தேன். இருவரும் விழுந்தோம். அவர் எழுவதற்குள் கொக்கியை உதைத்தேன். மூடி விழுந்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு விசிலை ஊதினேன். அதைக் கேட்டால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

"உசுரோட இருக்கிறவன வச்சு மூடிட்டியேடி பாவி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

எனக்கு அடியில் இரும்பு அதிர்ந்தது.

டொக்.

ஏணித் தட்டிலிருந்து அல்ல. மூடியின் உள்பக்கத்தில்.

டொக்... டொக்...

நான் உட்கார்ந்திருந்த இடத்தில்.

நான் நகர்ந்தேன்.

அதுவும் நகர்ந்தது...

ஊதிக்கொண்டே இருந்தேன்.

பின்பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் மச்சான்.

தட்டல் நின்றது.

செராங்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்களை எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. நானே மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். ஏணித் தட்டில் மரத்தூள் படிந்திருந்தது. அதில் ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை.

மச்சான் மறுநாள் காலை மருந்தறைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டான். கொடுத்த பிறகும் போகாமல் நின்று விஷயத்தைச் சொன்னான். சீஃப் எனக்குத் தெரியாமல் அவனைப் பின் குழியைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். திறந்தானாம். ஒரு காலை உள்ளே வைத்தபோதுதான் விசில் கேட்டதாம்.

யாரைக் கேட்டு வைத்தாய் என்று கத்தினேன்.

"நீங்கதானே மேடம் கூப்பிட்டீங்க? குழிக்குள்ள இருந்து. 'காத்து பாத்துட்டேன், இறங்கு'ன்னு. அப்பறம் வாக்கியிலயும் நீங்க, கீழயும் நீங்க... எதுக்குப் பதில் சொல்றதுன்னே தெரியல."

சண்டை போடத்தான் சீஃபிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். இந்தக் கப்பலுக்கு முன்பு வேறு பெயர், வேறு முதலாளியாம். அப்போதும் மரச்சரக்கு. அதே அறையில் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். முன் குழியில் ஒருவன், பின் குழியில் ஒருவன். விசாரணையில் தப்பெல்லாம் செத்தவர்கள் மேல் என்று முடித்துவிட்டார்களாம். செத்தவன் மேல் பழி போடுவது எத்தனை வசதி! எதிர்த்துப் பேச மாட்டானே.

அந்த இரண்டு பேருக்கும் இறங்கச் சொல்லி யாரும் அனுமதி கொடுக்கவில்லை என்று அதில் எழுதியிருந்ததாம்.

மச்சானுக்கு நானும் கொடுக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டது என் குரல்.