அப்பாவின் காருக்குக் கூரைத் துணி

மாலை நாலு பத்துக்கு என் மகள், "தலை சுத்துதுப்பா" என்றாள். என் அப்பாவின் பழைய அம்பாசிடருக்குள் உட்கார்ந்து நாங்களே கூரைத் துணி மாற்றிக்கொண்டிருந்தோம். பசையில் தூசி ஒட்டக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தேன். பதறிப்போய் அவளை வெளியே இழுத்து வாசலில் காற்றாட உட்காரவைத்தேன். அவள் கையெல்லாம் பசை வாசனை.

நான் சிறுவனாக இருந்த அந்த நாளிலும் அதே வாசனைதான். பம்மலில் தோல் ஒட்டும் பசை வாங்கிவந்து அப்பா இதே கூரைக்குத் துணி ஒட்டினார். சித்திரை வெயிலில் பல்லாவரம் தாண்டும்போது பசை இளகி, துணி மொத்தமும் எங்கள் தலையில் இறங்கியது.

"எல்லாரும் தூக்கிப் பிடிங்க, எனக்கு ரோடே தெரியல!" என்று அப்பா கத்தினார். அம்மாவும் அக்காவும் நானும் தாம்பரம் வரை இரண்டு கைகளையும் தூக்கியபடியே போனோம். சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், குடும்பத்தையே கடத்திகினு போறியா?"

அம்மா சிரித்த சிரிப்பில் துணி மறுபடி அப்பாவின் தலையில் விழுந்தது.

இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள். ஆனாலும் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போன் செய்ததும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியிலிருந்து ஓடிவந்த என் மனைவி, மகளின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ நல்லாத்தான் இருக்கா. நீங்கதான் வெளுத்துப் போயிருக்கீங்க. மொதல்ல உட்காருங்க."