சாமித்தட்டில் இரண்டு போத்தல்கள்

பல்லி என்றால் மனோன்மணிக்கு விளக்குமாறுதான் ஞாபகம் வரும். இத்தாலியின் பகேரியாவில், தான் வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கும்போதும் சரி, பலெர்மோ நகரத்து ஒரேத்தோவில் தன் வீட்டைக் கூட்டும்போதும் சரி, கண்ட இடத்தில் கலைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் கையில்தான், வடக்கே பொலோஞ்ஞாவுக்குப் படிக்கப் போன மகள் பிரசாந்தினி தான் செல்லமாக வளர்த்த நொச்சோலாவை ஒப்படைத்துவிட்டுப் போனாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளும், கொழுப்புச் சேர்த்த தடித்த வாலுமாக ஒரு சிறுத்தைப் பல்லி.

பல்லிக்குச் சூடு கொடுக்கும் தகட்டைச் செருகும் பிளக், சுவரில் இருந்த சாமித்தட்டுக்குக் கீழே இருந்ததால் அதன் கண்ணாடிப் பெட்டியும் அங்கேயே வந்தது. அதற்குத் தீனியாக உயிர்ச் சில்வண்டுகளைப் பிரட்டிக் கொடுக்கிற கல்சியம் தூளை மகள் ஒரு ஊறுகாய்ப் போத்தலில் கொட்டித் தட்டின் ஓரத்தில், அதே மாதிரியான திருநீற்றுப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாமி கும்பிட மறக்கமாட்டியள்தானே அம்மா. கும்பிட்ட கையோடை இதுக்கும் வையுங்கோ. இது நல்லா இருந்தால்தான் டிசம்பரிலை நத்தார் லீவுக்கு வருவன்."

சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னாள். மனோன்மணி அதைப் பகிடியாக எடுக்கவில்லை. வடக்கே படிக்கப் போன பிள்ளைகள் பிறகு பலெர்மோப் பக்கம் தலைவைத்தும் பார்க்காத கதைகள் அவளுக்குத் தெரியும். மகளை இழுத்து வர இந்தச் சீவன் ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தாள்.

நவராத்திரிக்குத் தட்டைத் துடைத்து அடுக்கிய பிறகுதான் கேடு தொடங்கியது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

"இந்தமுறைத் திருநீறு சரியில்லை," என்றார் கணவர் குணசேகரம். "வாசமுமில்லை. நெத்தியிலை நிக்குதுமில்லை."

"உங்கடை வேர்வைக்கு எது நிக்கும்? கடைத் திருநீறு அப்பிடித்தான்."

நொச்சோலாவின் வால் மெலிந்தது. பிறகு முன்கால் நடுங்கியது. வீடியோவில் மகள் கேட்கும்போதெல்லாம் மனோன்மணி அதன் தலையை மட்டும் கமராவுக்குக் காட்டினாள்.

"தூள் போடுறியளோ அம்மா?"

"ஓம் பிள்ளை. ஒருநாளும் தவறேல்லை."

அது உண்மைதான். நொச்சோலா சோர்ந்துகொண்டு போகப் போக அவள் இன்னும் அள்ளிப் போட்டாள்.

நத்தாருக்கு முன், ஆபிரிக்க மண்ணை அள்ளிக்கொண்டு சூட்டுக் காற்று அடித்த ஒரு நாள், யன்னல்களை இறுக்கிப் பூட்டிவிட்டுச் சில்வண்டுகளில் தூளைக் கொட்டினாள். அடைத்த அறைக்குள் வாசம் எழுந்தது. கோயில் வாசம். கை அப்படியே நின்றுவிட்டது. மற்றப் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். அதில் ஒரு வாசமும் இல்லை.

குளித்துவிட்டு வந்த கணவரின் நெற்றியில் வெள்ளை மாவு உதிர்ந்துகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பூசியிருக்கிறது நொச்சோலாவின்ரை கல்சியம்."

அவர் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தார். "அப்ப அது இவ்வளவு நாளும்?"

"திருநீறு திண்டிருக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் நொச்சோலா எழும்பப் பார்த்து, முடியாமல், தாடை தரையில் இழுபட ஓரமாக நகர்ந்தது. சிரிப்பு அடங்கிப் போனது.

மிருக வைத்தியர் தாடையை மெல்ல அமுக்கினார். அது ரப்பர்போல வளைந்தது. கல்சியம் கிடைக்காமல் எலும்பில் வலு இல்லை என்றார். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வளைந்த கால் நிமிராது, தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குணசேகரம் சொன்னார்: "நத்தார் முடிஞ்சாப் பிறகு சொல்லுவம். இப்ப சொன்னால் கோவத்திலை வரமாட்டாள்."

"சொல்லாமல் விட்டு, வந்து பாத்தாளெண்டால் பிறகு எப்பவுமே வரமாட்டாள்."

மகளின் வீடியோ அழைப்பு வந்தது. மனோன்மணி பெட்டியின் மூடியைத் தூக்கி, முதன்முறையாகக் கமராவை நொச்சோலாவின் கால்களுக்கு நேரே பிடித்தாள். போத்தல் மாறின கதையை மறைக்காமல் சொன்னாள். பொலோஞ்ஞாவில் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது.

"இண்டைக்கே வெளிக்கிடுறன்," என்றாள் பிரசாந்தினி. குரல் தட்டையாக இருந்தது. "நான் வருமட்டும் அது இருக்குமோ?"

மனோன்மணி குனிந்து பார்த்தாள். விலாப்பக்கம் அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"தெரியாது பிள்ளை. கெதியாய் வா."