ஒரு எண் தள்ளி

செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நான் வெப்சைட் எழுதிக் கொடுத்திருந்தேன். பேர் பதிய ஒரு டேட்டாபேஸ், பரிசோதனை முடிவுகளுக்கு இன்னொன்று. நான் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க் இரண்டோடும் பேசும். ஆனால் இங்கே இருக்கும் ஆளுக்குத்தான் அங்கே இருக்கும் முடிவு என்று அது சரிபார்க்காது. அது என் வேலை. இரண்டிலும் தினமும் ஒன்றிலிருந்து எண் தொடங்கியதால், எண்ணை வைத்தே கோத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

ஒருநாள் ஒருவர் பேர் கொடுத்துவிட்டு, ஊசிக்குப் பயந்து ரத்தம் கொடுக்காமலே நழுவிவிட்டார். பேர்ப் பதிவில் அவருக்கு ஒரு எண் விழுந்தது, முடிவுகளில் விழவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அடுத்த ஆளின் முடிவு அச்சானது. கடைசி ஆளின் தாள் வெறுமையாக வந்ததை மறுநாள் காலை பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் இரண்டு பேர் ரிப்போர்ட்டை வாங்கிப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெம்மேலி என்ற கடலோர ஊரைச் சேர்ந்த பெயின்டர். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதர். அவர் கையில் இருந்த தாளோ இரண்டு கிட்னியும் பழுது என்றது.

போன் செய்தேன். மனைவி எடுத்தார்.

"அந்தத் தாள வாங்கினு வந்ததுலேர்ந்து ஒரு வாய் துன்னலபா. இப்பதான் கடலாண்ட போனாரு. போன வூட்லயே வெச்சுட்டுப் போய்ட்டாரு."

பைக்கை எடுத்தேன். திருக்கழுக்குன்றமும் மாமல்லபுரமும் எப்போது கடந்தன என்றே தெரியாது. பேர் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். சோம்பேறி நாயே என்று ஹெல்மெட்டுக்குள் என்னையே திட்டிக்கொண்டு போனேன். அவர் ஏதாவது செய்துகொண்டால் அப்புறம் நான் எப்படி இருப்பேன்?

சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார்.

"அண்ணே, அது உங்களுது இல்ல. கம்ப்யூட்டர்ல நான் பண்ண தப்பு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

சரியான தாளை நீட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய தாளைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இது யாருதுபா?"

வழியெல்லாம் நான் அவரை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இன்னொரு ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர் ஊரப்பாக்கத்து டீச்சரம்மா, பெயின்டருக்கு அடுத்த எண். முந்தின நாள், ஒன்றுமில்லை என்று தாளில் பார்த்த சந்தோஷத்தில், எதிர்க் கடையில் மைசூர்பாகு வாங்கி வந்து லேபில் எல்லோருக்கும் கொடுத்தார். நானும் ஒரு துண்டு தின்றேன்.