வெட்டி எடுத்த ஞே

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் வரைக்கும் நடந்த கல்யாணங்களில் பாதி என் மேசைமேல்தான் நடந்து முடிந்திருக்கின்றன. தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்குக் குறுக்கே வந்து நின்ற தாய்மாமன்களை நான்தான் வெட்டியிருக்கிறேன். பந்தியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட சம்பந்தியம்மாக்களைக் காப்பாற்றியதும் நான்தான். ஆனால் எந்த வீடியோவிலும் என் பெயர் வராது. கடைசியில் ஸ்டுடியோவின் பெயர் பொன்னெழுத்தில் சுழன்று சுழன்று வந்து நிற்கும், அதற்குக் கீழே அவர்களுடைய போன் நம்பர். நான் ஸ்டுடியோக்களிடம் வேலை வாங்கி, பழனி ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன். வெட்டுகிறவன் பெயரை யார் போடுவார்கள்?

அதனால்தான், "படத்தொகுப்புன்னு உங்க பேரு தனிக் கார்டா வருங்கண்ணா" என்று ஒருவர் வந்து சொன்னபோது நான் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. மகன் இன்ஜினியரிங் முடித்தார், செல்போனில் சினிமா கற்றுக்கொண்டார், தக்காளிக் காசில் போலந்துக்குப் போய் ஒரு முழுநீளப் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். ஏன் போலந்து என்று கேட்டேன்.

"அங்க வெளிச்சம் சோகமா இருக்குதுங்கண்ணா" என்றார்.

நம் ஊர் வெளிச்சம் அப்படியென்ன சந்தோஷத்தில் துள்ளுகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. தனிக் கார்டை நினைத்து அடக்கிக்கொண்டேன். அவர் மேசையில் ஹார்டு டிஸ்க்கையும் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யாவையும் வைத்தார். கொய்யாவின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. ஏதாவது கோணல்மாணலாகச் செய்யச் சொல்ல வருகிற அன்றைக்கெல்லாம் கொய்யா வரும்.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஆகாது. நம் ஊர்ப் பையன் ஒருவன் போலந்துக்கு வேலைக்குப் போகிறான். ஒரு அம்மாள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். அந்த அம்மாளின் மகன் அடிக்கடி வந்து வீட்டை விற்கச் சொல்லி நச்சரிக்கிறான். பையன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். படம் முடிந்தது.

பையனாக நடித்தவர் இயக்குநரின் கல்லூரி நண்பர். எந்தக் காட்சி வந்தாலும் அவருக்கு ஒரே முகம்தான், ஞே என்று முழிப்பார். பனி பெய்தாலும் ஞே. வேலை போனாலும் ஞே. ஊரில் அப்பா இறந்த செய்தி வருகிறது, அப்போதும் அதே ஞே. நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அது உள்முகமான நடிப்புங்கண்ணா" என்றார் இயக்குநர். எவ்வளவு உள்ளே என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஒன்றும் வரவில்லை.

படத்தில் உயிரோடு இருந்தது அந்த அம்மாள் ஒருவர்தான். அறுபது வயது இருக்கும். தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு சீவுவார். மகனாக நடிக்கிறவர் எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாள் கத்தியை நிறுத்த மாட்டார், நிமிரவும் மாட்டார், இரண்டு மூன்று வார்த்தைகளில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுப்பார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"யாரு இவங்க? நல்ல நடிகையா?"

"நடிகையே இல்லைங்கண்ணா. நாங்க தங்கியிருந்த வீட்டோட ஓனரு. ட்ராம் ஓட்டிட்டு இருந்தவங்க. அவங்க சொந்த மகனும் நெஜத்துல இப்படித்தானுங்க, வீட்ட வித்துரு வித்துருன்னு நிக்கிறாராம். அதான் இயல்பா வந்துருச்சு."

படத்தை முதன்முதலில் அந்த ஊரிலேயே ஒரு சின்ன ஹாலில் திரையிடப் போவதாகவும், அந்த அம்மாள், அவர் மகன், தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள் என்றும் சொன்னார். அவர்கள் முன்னால் என் பெயர் தனிக் கார்டில் வரும். நான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். "போலந்துல போயா? இங்க பஸ் ஸ்டாண்டுல போட்டாலாவது நாலு பேரு பாப்பாக" என்றாள்.

அந்த அம்மாள் என்ன பேசுகிறார் என்று கேட்டபோதுதான் இயக்குநரின் முகம் கொஞ்சம் இறங்கியது. அவர் வசனத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார். 'மரங்கள் தங்கள் நிழலை மறந்துவிடுகின்றன' என்கிற ரகம். அதைச் செல்போன் மொழிபெயர்த்திருக்கிறது. அந்த அம்மாள் வாசித்துப் பார்த்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்து, செல்போனைத் திருப்பிக் கொடுத்து, தன் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார். போனது நாலு பேர், நாலு பேருக்கும் அந்த மொழி தெரியாது. "உணர்ச்சிக்கு மொழி எதுக்குங்கண்ணா?" என்றார். திரையின் அடியில் ஓடும் தமிழ் எழுத்தில் மட்டும் மரங்கள் நிழலை மறந்துகொண்டே இருந்தன.

அடுத்த தடவை கொய்யாவோடு வந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்தம்மா ஒவ்வொரு டயலாக்குக்கும் முன்னால ஞே ஞேன்னு இழுக்குதுங்களே, கேட்டீங்களா? நடிச்சுப் பழக்கமில்லாததுனால தடுமாறுது. அதை மட்டும் சுத்தமா எடுத்துருங்க."

கேட்டிருந்தேன். உண்மையிலேயே ஒவ்வொரு பதிலும் ஒரு சின்ன 'ஞே'யில்தான் தொடங்கியது. எனக்கும் அது சரியென்றே பட்டது. கல்யாண வீடியோவில் வாழ்த்துச் சொல்ல மைக்கைக் கொடுத்தால் நம் ஆட்கள் 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' என்று ஆரம்பிப்பார்கள். அதை வெட்டி வெட்டித்தான் என் கை பழகியிருக்கிறது. தமிழில் பேச்சின் தலையை எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாம், ஒன்றும் ஆகாது. வாலில்தான் கை வைக்கக் கூடாது. அங்கேதான் வினை இருக்கும். அந்த அம்மாளின் வாலை நான் தொடவே இல்லை. தலையில் இருந்த ஞேக்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சீவி எடுத்தேன். நாயகன் முகத்தில் இருந்த ஞேயை எடுக்கச் சொல்லியிருந்தால் படமே மிஞ்சியிருக்காது.

எல்லாம் முடிந்தது. இசை சேர்த்தார்கள். இயக்குநர் படத்தைப் 'பூட்டி'விட்டார். பூட்டுவது என்றால் இனி ஒரு வெட்டும் கிடையாது, கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். முதல் கார்டில் 'படத்தொகுப்பு' என்று போட்டு அதற்குக் கீழே என் பெயரை நானே அடித்தேன். நாலைந்து எழுத்துருக்களில் அடித்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

அந்த வாரம் பேகம்பூர்க் கல்யாணம் ஒன்று மேசையில் இருந்தது. தோல் மண்டிக் குடும்பம். மாப்பிள்ளை போலந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார், அது ஊருக்குத் தெரியட்டும் என்றே ஒரு ஜாக்கெட். திண்டுக்கல் வெயிலில் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "எங்க சாச்சா சாப்பிடுறது மட்டும் மூணு தடவ வருதுண்ணே" என்று ஆரம்பித்தவர், பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இந்தம்மா எதுக்கு வீட்ட விக்கிறேங்குது?"

"யாரு விக்கிறேன்னா?"

"இந்தா, ஸ்ப்ஷெடாம்னு சொல்லுதுல்ல. அங்க பழைய கார் கண்ணாடியில எல்லாம் இதத்தான எழுதி ஒட்டிருப்பாய்ங்க. விக்கிறேன்னு அர்த்தம். செத்த நேரம் இருங்க... இப்பப் போறேங்குது. மூஞ்சியப் பாத்தா போற மாதிரியும் தெரியலையே?"

வெட்டாத பழைய காட்சியைத் தேடி எடுத்துப் போட்டேன். கிழங்கு சீவிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: "ஞே ஸ்ப்ஷெடாம்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்லுங்க! விக்க மாட்டேங்குது. ஞேன்னா இல்ல, முடியாது, மாட்டேன், எல்லாந்தேன். அங்க போய் எறங்குன அன்னைக்கே கத்துக்கிட்டது அந்த ஒரு வார்த்தைதாண்ணே. வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டா ஞே. உங்க ஊருக்காரன் சமைக்கிறது நாறும், ஞே. நம்மளப் பாத்த ஒடனேயே சில பேரு ஞே. இம்புட்டு ஞே கேட்டும் தெரியாமப் போகுமா?"

அவர் தன் சித்தப்பா சாப்பிடுவதை ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டு போய்விட்டார். படம் முழுக்க அந்த அம்மாள் விற்க மாட்டேன், போக மாட்டேன், தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் விற்கிறேன், போகிறேன், தருகிறேன் என்று ஆக்கிவைத்திருக்கிறேன். அதை அவருடைய தெருவே உட்கார்ந்து கேட்கப்போகிறது. மகன் முன்வரிசையில் இருப்பான்.

நம் மொழியில் மறுப்பு கடைசியில் வருகிறது. அது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். 'வர...' என்று தொடங்கி எதிராளியின் முகத்தைப் பார்க்கலாம். முகம் கடுகடுவென்று இருந்தால் 'மாட்டேன்' என்பதை விழுங்கிவிட்டு 'வர்றேன்' என்று முடித்துக்கொள்ளலாம். இத்தனை வருஷத் தொழிலில் நான் முடித்ததெல்லாம் அப்படித்தான். சண்டை போட்ட பெரியப்பாவை ஆல்பத்திலிருந்தே தூக்கச் சொல்வார்கள், செஞ்சிரலாம் என்பேன். அந்த அம்மாளுக்கு அந்த வசதி இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லியும் இருக்கிறார்.

கணினியில் வெட்டியது எங்கேயும் போய்விடாது, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்பி வரும். ஒவ்வொரு ஞேயையும் இழுத்து வைத்தேன். இசை அங்கங்கே நகர்ந்தது, நகரட்டும் என்று விட்டேன். பிறகு இயக்குநருக்குப் போன் போட்டேன். அவர் இரண்டு பை கொய்யாவோடு வந்து சேர்ந்தார்.

ஞே என்றால் என்ன என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சென்னையில பெரிய ஆளு ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுனேனுங்கண்ணா. அவருக்கும் ஒரு வார்த்தை புரியலைதான். ஆனா, எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டுப் போற ஒரு பொண்ணோட சாந்தம்னு சொல்லிட்டாருங்க. இப்பப் போயி மாட்டேன்னு சொல்ல வெச்சா சாந்தம் கெட்டுப்போயிருமுங்க."

"அந்தம்மா விட்டுக்கொடுக்கலையே தம்பி."

"படத்துல விட்டுக்கொடுக்கட்டுங்கண்ணா. ஆழமா இருக்குதில்லீங்க?"

"அவுக மகன் அங்கன உக்காந்துருப்பான். ஊரு முன்னால நீயே சொல்லிட்டியேம்மான்னு கேப்பான்ல?"

"அது சினிமாதானுங்களே. அதுவுமில்லாம படத்தப் பூட்டியாச்சுங்க."

திண்டுக்கல்காரனிடம் வந்து பூட்டியாச்சு என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இவருடைய ஆழத்துக்கு அந்த அம்மாள் தன் வீட்டை விற்க வேண்டுமாம். ஒரு வருஷமாக எத்தனையோ காட்சிகளில் வராத கோபம், நாயகனின் அப்பா செத்தபோதுகூட வராத கோபம், அப்போது வந்தது.

இறுதிப் பிரதி என் கணினியிலிருந்துதான் போக வேண்டும். அவரிடம் இருந்தது செல்போனில் பார்க்கிற சின்னப் பிரதி. அன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"பழசையே ஏத்தி அனுப்பிருங்கண்ணா. உங்க பேரு மொதக் கார்டுல தனியா நிக்குது. நான் யாருக்கும் அப்படிக் குடுக்கல. அது வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

'செஞ்சிரலாம்' என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கம் அப்படி.

"ஞே" என்றேன்.

அவர் எப்படி முழித்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பப் பேரு வராதுங்கண்ணா" என்றார் கடைசியில். நான் திரும்பி முதல் கார்டைத் திறந்தேன். என் பெயரை வெட்டியதும் நான்தான். அந்த இடத்தில் தன் பெயரை அடிக்கச் சொன்னார், அதையும் அடித்தேன், ஒற்றுப்பிழை இல்லாமல். எல்லா ஞேயோடும் படம் போய்ச் சேர்ந்தது.

திரையிட்ட மறுநாள் அவரே ஹாலில் எடுத்த ஒரு வீடியோவைப் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். எனக்கும் வந்தது. மனைவி பார்த்துவிட்டு, "எங்க உங்க பேரு?" என்றாள். நான் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது, உறுத்தவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த வீடியோவைப் பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். திரையில் அந்த அம்மாள் கிழங்கு சீவுகிறார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு 'ஞே' என்கிறார். அந்த மூச்சையும் விட்டுவைத்தது என் கைதான். தெருக்காரர்கள் கைதட்டுகிறார்கள். விளக்கைப் போட்டதும் அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, அதே ஸ்வெட்டர். பக்கத்தில் நிஜ மகன். அவன் குனிந்து, சிரித்தபடி, அம்மாவின் காதில் ஏதோ கேட்கிறான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்கிறார். எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.