படம் கொண்டுவந்தவர்

திருச்சுழியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் எப்போதும் இருப்பார். எடுத்த படத்தை வாங்க யாரும் வராவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி அவரே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பார். பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பியவர்கள் மெல்ல அருப்புக்கோட்டை ஸ்டுடியோக்களுக்குப் போகத் தொடங்கினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், பரளச்சியில் எங்கள் வீட்டுக்கு அம்மாவின் படத்தோடு வந்தார்.

"கடையப் பூட்டிட்டு வந்தா யாவாரம் என்னாகும்ணே?" என்றேன்.

"தபால்ல அனுப்பலாந்தான் தம்பி. படத்தப் பாக்கையில அவுக மொகம் எப்பிடி மாறுதுன்னு நான் பாக்கணும்ல?" என்றார்.

அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்தார். காபி குடித்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்து, பொழுது சாயத்தான் கிளம்பினார்.

அந்த வருஷமே கடையை மூடிவிட்டார். கொடுப்பதற்குப் படம் இல்லாமல் அவர் யார் வீட்டுக்குப் போயிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.