வெல்டா மடக்கிய மூன்று ராஜா

கார்டினா ஊரின் சீட்டு விடுதிகளில் பகல் நேரத்துப் பாதி நாற்காலிகள் எங்களைப் போன்ற விதவைகளுடையவை. வெல்டா ஹோக்ஸ்ட்ரா காலை பதினொன்றுக்கு வந்து மூலை மேசையில் உட்காருவாள். அவளுக்கு இடப்பக்கம் நான். பதினாறு வருடம் அப்படித்தான். நல்ல சீட்டு வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தொடர்ந்து சீட்டைக் கவிழ்த்து, பணம் கட்டாமல் மடக்கிக்கொண்டே இருப்பாள்.

"ஏண்டி, ஆட வந்தியா, காப்பி குடிக்க வந்தியா?" என்று சீண்டுவேன்.

"வீட்டு வாடகை வருதுல்ல, அயோனா. உனக்கு வருதா?"

எனக்கு வராது. நான் ஆசைப்பட்டுத் தோற்கிறவள்.

யாருக்காவது தொடர்ந்து அதிர்ஷ்டம் அடித்தால், 'அவனுக்கு இன்னைக்கு அடிக்குது' என்று மேசை முழுக்க முணுமுணுக்கும். வெல்டா மட்டும் சிரிப்பாள். "அது வெறும் அட்டை. போன ஆட்டத்துல யார் ஜெயிச்சான்னு அதுக்கு ஞாபகம் இருக்காது" என்பாள். அவளுக்கு அதுதான் வேதம்.

அந்த அக்டோபரில் ஒமாஹாவிலிருந்து அவள் தங்கை நெவாவின் கடிதம் வந்தது. தாய் வீட்டை விற்றதில் சண்டை போட்டுப் பன்னிரண்டு வருடமாகப் பேசாத தங்கை. யாரோ நர்ஸ் எழுதிக்கொடுத்த கடிதம். நாள் அதிகம் இல்லை, வந்துவிட்டுப் போ, அவ்வளவுதான்.

ரயில் கட்டணத்தில் பாதிதான் வெல்டாவிடம் இருந்தது. நான் தருகிறேன் என்றேன்.

"கூட ஆடுறவகிட்ட கை நீட்டினா, அப்புறம் எப்படி எதிரே உக்காந்து ஆடறது? சும்மா இரு."

எங்கள் எல்லோருக்குமே அந்த வழக்கம் உண்டு. அன்று அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்த பாதியைப் பந்தயச் சில்லுகளாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும்.

எதிரே டெல்பர்ட் என்று ஒரு பையன். விமானத் தொழிற்சாலையில் வேலை முடித்துத் தூங்காமல் வந்தவன். சீட்டைச் சரியாகப் பார்க்காமலே சில்லுகளைத் தள்ளுவான். நாலு சீட்டைத் தூக்கிப் போட்டு நாலு புதுசு வாங்குவான்; நாலும் அவனுக்கு வாகாக வந்து விழும். அப்படி இரண்டு முறை வெல்டாவின் நல்ல சீட்டுகளைத் தோற்கடித்துவிட்டான்.

"என்ன பெரியம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? இன்னைக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு ஆடினாலும் அடிக்கும்!"

"தூங்குற மாதிரிதான் ஆடுற, தம்பி," என்றாள். குரலில் பழைய திடம் இல்லை.

மூன்று மணி இருக்கும். அவன் இரண்டு சீட்டு மாற்றினான், பார்த்துச் சிரித்தான், முன்னால் இருந்த குவியலை அப்படியே நடுவில் தள்ளினான். ஈடுகட்ட வெல்டா மிச்சம் இருந்த எல்லாவற்றையும் வைக்க வேண்டும். வென்றால் போக, வர இரண்டுக்கும் ஆகும்.

அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"இவனுக்கு இன்னைக்கு அடிக்குதுடி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதே இல்லை. சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். மிச்சமிருந்த சில்லு அடுத்த அரை மணியில் கரைந்தது.

எதிராளி மடக்கிவிட்டால் வென்றவன் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அதைப் பார்ப்பதும் சொல்வதும் தப்பு. அடுத்துச் சீட்டுப் போடும் முறை என்னுடையது. வெல்டா கவிழ்த்ததுமே மேசையில் கிடந்த சீட்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். அவனுடைய ஐந்தும் என் கையில் நழுவி விரிந்தன. இரண்டு ஒன்பது. மற்ற மூன்றும் குப்பை. வாயை மூடிக்கொண்டு கலைத்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள். "என்கிட்ட மூணு ராஜாடி. நீதானே பொறுக்கின? அவன் என்ன வச்சிருந்தான்?"

"அஞ்சும் ஆட்டின்," என்றேன். ஐந்தும் ஒரே சாதியாக இருந்தால் மூன்று ராஜா தோற்கும்; இரண்டு ஒன்பதை மூன்று ராஜா வென்றிருக்கும்.

"நல்லவேளை," என்று பெருமூச்சு விட்டாள்.

எட்டாம் நாள் நெவா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அடக்கத்துக்குக்கூட அவளால் போக முடியவில்லை. அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் மேசையில் யாருக்காவது அடிக்க ஆரம்பித்தால் வெல்டா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

நான்கு வருடம் கழித்து அவளே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டெல்பர்ட் பையன் அன்னைக்கு என்ன வச்சிருந்தான், அயோனா?"

"அதையே நினைச்சுக்கிட்டு இருக்கியா? அஞ்சும் ஸ்பேடு. உரிச்சதைச் சாப்பிடு."

வெல்டா என் முகத்தையே பார்த்தாள். பதினாறு வருடம் எதிராளிகளைப் பார்த்த அதே பார்வை. விழுந்த சீட்டு ஒன்றைக்கூட அவள் மறந்ததில்லை. எனக்குத்தான் அன்று சொன்னது மறந்துபோயிற்று.

"அன்னைக்கு ஆட்டின்னு சொன்னே," என்றாள்.

அவள் ஒரு சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நெவா அந்த எட்டு நாளும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா, இல்ல?"